மூடிய தேதி தெரியாத ஆலைகள்

முதல் நாள், திங்கள்: பேட்டை

என் பெரியப்பாவின் ஓய்வூதிய மனு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்த வாரத்தில் இந்தப் பயணத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வருங்கால வைப்பு நிதியின் 10டி படிவத்தில் பணியிலிருந்து விலகிய தேதியைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. பதினெட்டு ஆண்டுகள் ஒரு தனியார் நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரத்தை ஓட்டியவரால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை. மறதி அதற்குக் காரணம் அல்ல. அவர் வேலையை விட்டு விலகவில்லை; அவரை யாரும் விலக்கவும் இல்லை. ஆலை நின்றுபோயிற்று. மூடிவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். படிவங்களோடுதான் என் பகல் பொழுது முழுவதும் கழிகிறது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒரு மனிதனின் உரிமை எப்படி வருடக்கணக்கில் கிடப்பில் போகும் என்பதை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நெல்லைச் சீமையில் ஆலைகள் திறந்த ஆண்டைக் கேட்டால் படித்தவர்கள் உடனே சொல்கிறார்கள்: பாபநாசத்தில் 1885, தூத்துக்குடியில் 1888. நின்ற நாளைக் கேட்டால்தான் பதில் வருவதில்லை. ஆறு நாள் ஊர் ஊராகப் போய் அதைக் கேட்டுப் பார்ப்பது என்று புறப்பட்டேன். சீமை என்று பழைய எல்லையைத்தான் சொல்கிறேன். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாகிவிட்டாலும், பஞ்சும் நூலும் போன வழி ஒரே வழிதான்.

மார்கழிப் பனி விலகாத காலையில் திருநெல்வேலிப் பேட்டையில் இறங்கினேன். இங்கே கூட்டுறவு நூற்பாலை ஒன்று இருந்தது. கைத்தறி நெசவாளர்களுக்கு நியாயமான விலையில் சிட்டநூல், அதாவது தறிக்கு ஏற்றபடி கட்டாகச் சுற்றிய நூல், கிடைக்க வேண்டும் என்பதுதான் கூட்டுறவு நூற்பாலைகளின் நோக்கம். தனியார் ஆலைகளும் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே கட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. 40 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கை 2019இல் 30 ஆகக் குறைத்தார்கள். கூலி கொடுத்து ரீலிங் செய்து சிட்டம் கட்டுவதைவிடக் கோனில் சுற்றி விசைத்தறிக்கு விற்பது ஆலைக்கு லாபம் என்பதால், கூட்டுறவு ஆலை நிற்கும் இடத்தில் நெசவாளியின் தறிக்கும் சேர்த்தே ஆபத்து வருகிறது.

டீக்கடை பெஞ்சில் இருந்த மூன்று பெரியவர்களிடம் ஆலை எப்போது மூடியது என்று கேட்டேன். ஆலைச் சங்கு நின்ற நாளை ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கையெழுத்துப் போட்டு வந்தோம் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது என்ன ஒருநாள்லயா தம்பி மூடுனாங்க? சாகக் கிடந்தவன எந்த நிமிசம் செத்தான்னு கேக்க மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டாம் நாள், செவ்வாய்: வீரவநல்லூர்

செங்கோட்டை ரயிலில் வீரவநல்லூருக்கு வந்தேன். சேரன்மகாதேவியைத் தாண்டியதும் இரு பக்கமும் நெல்வயல். மேற்கே மலை நீலமாக எழுந்து நிற்கிறது. இந்த ஊரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டுகிறார்கள். இவர்களுடைய செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்த பிறகு தறி கூடியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்தவன் நான். தெருவில் நடந்தபோது பல வீடுகளில் தறிச் சத்தம் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் கேட்டது. எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி திண்ணையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வந்ததற்காக ஐயா வேலையை நிறுத்தவில்லை. "இந்த முழம் முடியட்டும், உக்காருங்க தம்பி" என்றார். கால் மிதியை அழுத்த, நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் இரண்டாகப் பிரிய, நாடா இடமிருந்து வலமாக ஓடி நிற்க, அச்சு வந்து குறுக்கு இழையான ஊடையை அடிக்க, துணி சுற்றும் படமரத்தில் சேலை ஒரு நூல் கனம் வளர்ந்தது. நடுவில் பாவில் ஓர் இழை அறுந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. அவர் கை அதற்குள் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான இழைகளுக்கிடையில் அறுந்த நுனியை விரலால் தடவியே கண்டுபிடித்தார். துண்டு நூல் ஒன்றை அதில் பிணைத்து, விழுதின் கண்ணில் நுழைத்து, கொக்கியால் அச்சின் பல்லுக்குள் இழுத்து, முன்னால் துணியில் சேர்த்துவிட்டு மறுபடி மிதியில் கால் வைத்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். பிணைப்பு கண்ணில் படவில்லை.

தெருவில் தறிகள் எப்போது நின்றன என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இந்தப் பயணம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறேன். ஒரு தறி நிற்பது அந்த வீட்டுக் காரியம் அல்ல என்றார் அவர். முன்பெல்லாம் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காய வைத்து உருளையில் சுற்றுவார்கள். அதற்கு இரு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். இன்று என் பாவுக்கு நீ வா, நாளை உன் பாவுக்கு நான் வருகிறேன் என்ற கணக்கில் தெருவே கூடும். பையன்கள் படித்து வெளியூர் வேலைக்குப் போக, சிலர் கண்பார்வை மங்கித் தறியை விட்டு எழ, ஆள் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் பாவு நீட்ட ஆள் போதாமல் போயிற்று. தறி ஓட்டத் தெம்பும் ஆசையும் இருந்த வீடுகளும் அதனால் நின்றன. மிஞ்சியவர்கள் வெளியூரில் ஓட்டிய பாவை விலைக்கு வாங்கி நெய்கிறார்கள்.

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. அந்த ரகங்களை விசைத்தறியில் நெய்தால் தண்டனை உண்டு என்று அது சொல்கிறது. கைத்தறி வீட்டுக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். இவை நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் ஒரு தெருவில் பாவு நீட்டத் தேவையான ஆட்களை எந்த ஆணையாலும் நிறுத்தி வைக்க முடியாது. நெசவை ஒரு வீட்டுத் தொழிலாகக் கணக்கெடுத்தவர்கள், அது தெருவின் தொழில் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள், புதன்: விக்கிரமசிங்கபுரம்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாக வி.கே.புரத்துக்குப் பேருந்து. மழைக்காலம் நன்றாகப் பெய்திருந்ததால் தாமிரபரணி கரைகொள்ளாமல் ஓடியது. பாபநாசநாதர் கோவில் படித்துறையில் குளித்துவிட்டு ஆற்றைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தேன். ஆலை இங்கே வந்ததற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ, பிராங்க் ஹார்வி சகோதரர்கள், மலையிலிருந்து ஆறு இறங்கும் வேகத்தால் எந்திரங்களை ஓட்டலாம் என்று கண்டு, 1885இல் இங்கே திருநெல்வேலி மில்லைத் தொடங்கினார்கள்.

பஞ்சு இங்கே விளைவதில்லை. அது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளைந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அங்கிருந்து பஞ்சு வராமல் தவித்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் திருநெல்வேலிப் பஞ்சைத் தேடி வாங்கின. கரிசல்காட்டில் காசு புரண்ட காலம் அது. நெல்லையிலிருந்து செங்கோட்டைக்கு ரயில் பாதை 1903இல்தான் முழுமை பெற்றது. அதுவரை பஞ்சுப் பொதி மாட்டுவண்டியில்தான் மேற்கே வந்தாக வேண்டும். கரிசல்காட்டுப் பஞ்சையும் பொதிகை மலைத் தண்ணீரையும் இந்த ஊர் மனிதர்களின் கைகளையும் ஓரிடத்தில் சேர்த்ததுதான் ஹார்விகள் செய்த காரியம். ஆலைக்கு முன் இங்கே இருந்தது கிராமம். ஆலைக்குப் பின் வளர்ந்தது ஊர்.

இந்த ஆலை மூடப்படவில்லை. அதைத் தெளிவாகவே எழுத வேண்டும். இந்த ஆலையும் சேர்ந்திருந்த ஹார்விகளின் மதுரா மில்ஸ் 1974இல் ஜே. அண்ட் பி. கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. அந்தப் பெயரில் இங்கே தையல் நூல் உற்பத்தி இன்றும் நடக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது சாலையைக் கடக்க முடியாத அளவுக்குக் கூட்டம் இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நான் மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தேன். சாலையைக் கடப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருடைய தாத்தாவும் அப்பாவும் ஆலையில் வேலை செய்தவர்கள். பற்று நோட்டுதான் எங்கள் வீட்டில் பழைய சொத்து என்று சொல்லி, கடையின் மேல்தட்டிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பெயருக்குப் பதிலாக டோக்கன் எண். அதன் கீழே கார்டிங், டிராயிங், வைண்டிங் என்று பிரிவு. சம்பள நாளில் பற்றைத் தீர்த்ததற்குக் குறுக்கே ஒரு கோடு. மில்லில் வேலை என்ற ஒரே நம்பிக்கையில் மாதம் முழுவதும் கடன் கொடுத்தார்கள். பக்கங்களைப் புரட்டப் புரட்ட, பழைய நோட்டில் நெருக்கமாக இருந்த எண்கள் புதிய நோட்டில் இடைவெளி விட்டு வருகின்றன. பின் பக்கங்களில் எண்கள் போய்ப் பெயர்கள் வந்துவிடுகின்றன: "கொத்தனார்", "ஆட்டோ", "வாட்ச்மேன்". கடைசியாக டோக்கன் எண் எழுதிய பக்கம் எது என்று கேட்டேன். அவர் தேடிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் எண்ணும் பெயரும் இரண்டும் இருந்தன.

ஆட்கள் குறைந்ததற்குக் காரணம் கேட்டால் இந்த ஊரில் யாரும் ஒரே காரணம் சொல்வதில்லை, அது சரியும்கூட. ரிங் பிரேமில் நிரம்பிய பாபினைக் கழற்றி வெற்றுப் பாபினை மாட்டும் டாபிங் வேலையை முன்பு பையன்கள் கூட்டமாக நின்று செய்தார்கள். இப்போது எந்திரமே கழற்றி மாட்டுகிறது. கோன் சுற்றுவதில் அறுந்த நூலைப் பெண்கள் முடிபோட்டு இணைத்தார்கள். இப்போது ஆட்டோகோனர் காற்றால் பிணைக்கிறது. எந்திரம் வந்த ஆலை ஆளைக் குறைத்துப் பிழைத்தது. எந்திரம் வாங்கப் பணம் இல்லாத ஆலை ஆளையும் வைத்துக்கொண்டு கடனில் மூழ்கியது. இரண்டிலும் வீட்டுக்குப் போனவன் தொழிலாளிதான். விருப்ப ஓய்வு என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நூற்ற தொழிலை நாற்பத்தைந்து வயதில் விட்டு எழுகிறவனின் மனநிலையை விருப்பம் என்ற சொல்லால் குறித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இந்த நாளை முடிக்க மனம் வரவில்லை. கோட்ஸ் குடும்பத்தின் சொந்த ஊர் ஸ்காட்லாந்தில் உள்ள பெய்ஸ்லி. உலகம் முழுவதற்கும் தையல் நூல் அனுப்பிய அந்த ஊரில் கடைசியாக இருந்த ஆங்கர் மில் 1993இல் மூடப்பட்டது. அங்கேயும் பாட்டி, அம்மா, மகள் என்று வரிசையாக நூல் சுற்றிய பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு, ஆலை மூடியது எப்போது என்று சொல்ல ஓர் ஆண்டாவது இருக்கிறது.

நான்காம் நாள், வியாழன்: சங்கரன்கோவில்

தென்காசியில் பேருந்து மாறி, கடையநல்லூர் வழியாகப் போனேன். கடையநல்லூரில் ஒரு காலத்தில் தறி இல்லாத தெரு இல்லை என்பார்கள். தறியை விட்டவர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். மேலப்பாளையத்தில் தறி இருந்த வீடுகளுக்குள் பீடித் தட்டு வந்தது.

சங்கரன்கோவிலுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். இங்கே கூலிக்கு நெய்கிறவர்கள் அதிகம். வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அதிலிருந்து தறி ஓட்டுகிறவருக்குக் கூலி கொடுப்பார். நூல் விலை ஏறினால் வியாபாரி பாவு கொடுப்பதைக் குறைத்துவிடுவார். 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. விலை ஏறிவந்த மாதங்களில், இறக்குமதிப் பஞ்சுக்கு 2021இல் விதித்த 11 விழுக்காடு வரியும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரலில் வரியை நிறுத்திவைத்தபோது பல தறிகள் சும்மா நிற்கத் தொடங்கியிருந்தன. இந்தியாவின் நூற்பாலைகளில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் இருந்தும், நமக்கு வேண்டிய பஞ்சில் சிறு பங்குதான் இங்கே விளைகிறது. மீதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரியில் வர வேண்டும். அந்த லாரி வாடகையும் கடைசியில் இந்தத் தெருவில்தான் வந்து இறங்குகிறது.

நான்கு தறி வைத்திருந்து இரண்டை விற்றுவிட்ட ஓர் அக்காவிடம் பேசினேன். தறியைத் தறியாக வாங்க ஆள் வராததால், பிரித்துக் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போட்டார்களாம். தரையில் தறியின் கால்கள் இருந்த நான்கு இடங்களில் சிமென்ட் இன்னும் கறுப்பாக, எண்ணெய் ஊறிக் கிடந்தது. அதன் மேல் இப்போது ஒரு தையல் எந்திரம் இருக்கிறது. எப்போது நிறுத்தினீர்கள் என்றேன். அவர் எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். அத்தனையும் மின் கட்டண ரசீது. விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகும்போது கட்ட வேண்டிய தொகை ரசீதில் இருக்கும். அந்தத் தொகை எந்த ரசீதிலிருந்து காணாமல் போனதோ, அதுதான் தறி நின்ற மாதம் என்று விரல் வைத்துக் காட்டினார். "எனக்குத் தேதி நெனப்பில்ல அண்ணே, இதுல இருக்கும்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

நான்கு நாளில் எழுத்தில் ஒரு தேதியைக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் நாள், வெள்ளி: கோவில்பட்டி

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே வரவர மண் கறுக்கிறது. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. மழையை மட்டும் நம்பி, குட்டையான இழையோடு, பூச்சிக்கு அஞ்சாமல் நின்ற பருத்தி. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இந்தப் பருத்தியையும் ஆராய்ந்தது. வேகமான எந்திரங்கள் நீள இழைப் பருத்தியைக் கேட்கத் தொடங்கியதும் கருங்கண்ணி ஓரம்கட்டப்பட்டது. இப்போது வழிநெடுக மக்காச்சோளமும் உளுந்தும்தான் கண்ணில் படுகின்றன. கயத்தாறு பக்கம் வானத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன. தமிழ்நாட்டில் காற்றாலை நிறுவியவர்களில் நூற்பாலை நிறுவனங்கள் முன்வரிசையில் இருக்கின்றன. இங்கே வீசும் காற்று அந்த ஆலைகளின் மின் கட்டணத்தைக் குறைக்கிறது. நூல் நூற்கும் கதிர்கள் வேறு ஊர்களில் சுற்றுகின்றன. அங்கே வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள்தான் போகிறார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்கு மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, தென்மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துப்போன சுமங்கலித் திட்டத்தைப் பற்றி நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். எங்கள் தெருவிலிருந்தும் போனார்கள்.

பெரியப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் பத்தொன்பது வயதில் ஆலைக்குப் போனவர். ஆலையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரிடம், நூல் அறுந்தால் எப்படி இணைப்பீர்கள் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். இடது கையில் இல்லாத பாபினைப் பிடித்தார். வலது கைவிரலால் அதிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, வளையத்தின் மேல் ஓடும் டிராவலரில் மாட்டி, மேலே தூக்கி, உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு ஒட்டவைத்து, முறுக்கு ஏறியதும் விரலை எடுத்தார். கண் இமைக்கும் நேரம்தான். ரிங் பிரேமைக் கவனிக்கும் சைடர் ஒருவர் நானூறு, ஐந்நூறு கதிர்களுக்கு நடுவில் எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். அவருடைய வலது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் நூல் ஓடி ஓடி விழுந்த கோடு இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். வேலையை விட்டு இத்தனை ஆண்டு கழித்தும் அது மறையவில்லை.

நின்ற கதை இப்படி. முதலில் மூன்றாவது ஷிப்ட் நின்றது. பிறகு பதிலித் தொழிலாளர்களை வரவேண்டாம் என்றார்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை. பிறகு பஞ்சு இல்லை, வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். இதற்கு லே-ஆப் என்று பெயர். சட்டப்படி அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடுக்க வேண்டும். சில மாதம் கொடுத்தார்கள். வைப்பு நிதிக்குச் சம்பளத்தில் பிடித்ததைக் கடைசி மாதங்களில் கட்டவில்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது கதவில் வேறு பூட்டு இருந்தது.

இதில் உள்ள சூதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது. அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25-ஓ பிரிவின்படி, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையை மூட வேண்டுமானால் 90 நாட்களுக்கு முன் அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; நகலைத் தொழிலாளர்களுக்கும் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்து மூடினால், பணி செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. அனுமதி இல்லாமல் மூடினால் அது செல்லாது. ஆலை மூடாததைப் போலவே எல்லா உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. இத்தனையும் எழுதியிருந்த சட்டத்தைத் தாண்ட ஓர் எளிய வழி இருந்தது: மூடுகிறோம் என்ற சொல்லை எந்தத் தாளிலும் எழுதாமல் இருப்பது. விண்ணப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை, மூடிய தேதியும் இல்லை. தேதி இல்லாதபோது இழப்பீட்டை எந்த நாள்வரை கணக்கிடுவது? 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அந்த நூறு என்பது முந்நூறாகியிருக்கிறது. சிறிய ஆலைகள் இனி அனுமதியும் கேட்க வேண்டியதில்லை.

பணிக்கொடையைத் தாளில் போட்டுப் பார்த்தோம். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 2,600 ரூபாய். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 1,500; பதினெட்டு ஆண்டுக்கு 27,000. முப்பது நாளில் கொடுத்திருக்க வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த 27,000 அன்று கிடைத்திருந்தால் அவர்கள் மகளான அக்காவின் பாலிடெக்னிக் படிப்பு நின்றிருக்காது என்று பெரியம்மா சொன்னார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசில் மூட்டை தூக்கினார். இரவில் ஒரு ஏடிஎம்முக்குக் காவல் இருந்தார். இப்போது கேட்பது ஓய்வூதியம். 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதற்கு மேல் பெரிதாக வராது என்று அவருக்குத் தெரியும்.

மூடிய நிறுவனமாக இருந்தால் முதலாளியின் கையெழுத்துக்குப் பதிலாக வங்கி மேலாளரோ அஞ்சலக அதிகாரியோ சான்றளிக்கலாம். கையெழுத்துக்கு வழி இருக்கிறது. தேதிக்குத்தான் வழி இல்லை. அப்போதுதான் பெரியம்மா, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பித்தளை டோக்கனை எடுத்து வந்தார். உள்ளே போகும்போது பலகையிலிருந்து எடுத்து, வெளியே வரும்போது பலகையில் மாட்டிவிட்டு வர வேண்டிய டோக்கன் அது. கடைசியாக வேலை நடந்த இரவு மின்சாரம் போய், எல்லாரையும் இருட்டில் வெளியே அனுப்பியதால் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. மறுநாள் போய் மாட்டிவிடலாம் என்றுதான் இருந்திருக்கிறார். "செண்பகவல்லி அம்மனுக்குப் பங்குனித் தேர் ஓடுன மறுநாளு அது. நான் தேர் பாத்துட்டு வந்து காலு வலிக்குன்னு படுத்துக் கெடந்தேன். இவுக நடுராத்திரியில வந்து கதவத் தட்டுனாக" என்றார் பெரியம்மா. இத்தனை ஆண்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறாம் நாள், சனி: தூத்துக்குடி

துறைமுக ஊருக்கு ஒரே ஒரு காரணத்துக்காக வந்தேன். ஹார்விகளின் கோரல் மில் 1888இல் தொடங்கியது இங்கேதான். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களை வழிநடத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். ஒன்பது நாள் நின்று கேட்டுப் பெற்றார்கள். வேலையில்லாமல் இருந்த நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டது ஊர். மார்ச் 12இல் தலைவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய நாளும் திரும்ப எடுத்த நாளும் நமக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. அவர்கள் நிறுத்தினார்கள் என்பதால் தெரிகின்றன.

வ.உ.சி. சிலைக்கு அருகில் நிற்கும்போது அக்கா கைப்பேசியில் அழைத்தாள். காலையிலேயே கோவிலுக்குப் போய், பழைய பஞ்சாங்கங்களைக் கட்டி வைத்திருக்கும் ஜோதிடர் ஒருவரைப் பிடித்து, அந்த ஆண்டுப் பங்குனித் தேர் எந்த நாளில் ஓடியது என்று பார்த்துவிட்டாள். தேதி கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா எழுத மறுக்கிறார் என்றாள். கைப்பேசியை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

கட்டத்தில் "விலகிய தேதி" என்று இருக்கிறதே, அதில் விலகிய என்பதை அடித்துவிட்டு எழுதலாமா என்று கேட்டார். அடித்தால் மனு மூன்றாம் முறையும் திரும்பும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. தேதியைக் கட்டத்தில் எழுதிவிட்டு, அவர் சொல்ல வேண்டியதைத் தனித்தாளில் எழுதி இணைக்கலாம், அந்தத் தாளின் நகலைக் கொடுத்து, ஆலை நின்ற தேதியைப் பதிவு செய்து தரும்படி ஆட்சியரிடமும் கேட்கலாம் என்று சொன்னேன். சரி என்றார். பேருந்து நிலையத்துக் கடையில் ஒரு முழுவெள்ளைத்தாள் வாங்கி, பெஞ்சில் வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேர் ஓடியதையும், மின்சாரம் போனதையும், டோக்கன் சட்டைப் பையில் வந்ததையும் சொன்னார். "அதுக்குப் பெறகும் ஒரு மாசம் கேட்டுக்குப் போனேன், அதையும் எழுது" என்றார். எழுதினேன். "நான் வேலைய விடலன்னு எழுது" என்றார். அதையும் எழுதினேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். விடுப்பை ஒரு நாள் நீட்டித்துக் கேட்டிருக்கிறேன். தாளை மூன்று நகல் எடுத்துக்கொண்டு கோவில்பட்டிப் பேருந்தில் ஏறினேன்.